வண்டியின் பின்தட்டில் மின்சாரம்
மழையும் உப்புக்காற்றும் தாங்கும் மின்செருகுவாயைப் பாதுகாப்பாக அமைக்கும் முறை

முற்காலத்துத் தோட்டங்களில் மின்விளக்கு என்பது மாலைநேரத்து விருந்தாளியைப் போன்றது. பொழுது சாய்ந்ததும் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்; லயன் வீடுகளில் விளக்குகள் எரியும். இரவில் குறித்த நேரம் வந்ததும் இயந்திரம் நிறுத்தப்படும். மண்ணெண்ணெய் விளக்குகள் மறுபடியும் ஏற்றப்படும். பின்னர்த் தேசிய மின்சார வாரியத்தின் கம்பிகள் படிப்படியாகத் தோட்டங்களை வந்தடைந்தன. அவ்வாரியத்தின் பணிகளை 1990ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் தெனாகா நேஷனல் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இன்று வீட்டில் மின்சாரம் இருப்பது ஒரு புதுமையன்று.

ஆயினும், நமது வேலை வீட்டுக்குள் நடைபெறுவதில்லை. விடியுமுன் தலைவிளக்கை அணிந்துகொண்டு நிரையில் இறங்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கும், பாட்டரியால் இயங்கும் மருந்துத் தெளிப்பானைத் தோளில் சுமப்பவருக்கும், மின்புல்வெட்டியைக் கையாள்பவருக்கும் மின்சாரம் தேவைப்படும் இடம் மரங்களின் நடுவேதான். ஆகவேதான் பிக்அப் வண்டி வைத்திருக்கும் சிற்றுடைமையாளரும் ஒப்பந்தக்காரரும் தங்கள் வண்டியின் பின்தட்டில் சாக்கெட் எனப்படும் மின்செருகுவாய் ஒன்றைப் பொருத்திக்கொள்ள விரும்புகின்றனர். இது நல்ல எண்ணமே. ஆனால் அரைகுறையாகச் செய்யப்பட்டால் வண்டி தீப்பற்றவும் மனித உயிர் போகவும் இதுவே காரணமாகிவிடும். எனவே, அதனை முறையாகச் செய்வது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் விளக்குவோம்.

உலகெங்கும் உள்ள வழக்கம்

வண்டியில் மின்செருகுவாய் என்பது புதிய கற்பனையன்று. கார்களில் நாம் காணும் 12 வோல்ட் வட்டத் துளை, முதலில் சுருட்டுப் பற்றவைக்கும் கருவிக்காக அமைக்கப்பட்டதேயாகும். அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் தனது டக்கோமா வண்டியின் பின்தட்டிலேயே 400 வாட் மின்செருகுவாயைப் பொருத்தி விற்பனை செய்தது. ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-150 வண்டியின் ஒரு வகை, 7,200 வாட் வரை மின்சாரம் வழங்கும் ஆற்றல் உடையது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் கடுங்குளிரில் மின்சாரமின்றித் தவித்தபோது, இத்தகைய வண்டிகளிலிருந்து சிலர் தங்கள் வீட்டுக் கருவிகளை இயக்கிக்கொண்டனர். இவையெல்லாம் தொழிற்சாலையிலேயே திட்டமிட்டு அமைக்கப்பட்டவை என்பதை நாம் மறந்துவிடலாகாது. நாமே பின்னர்ச் சேர்க்கும்பொழுது, அத்தொழிற்சாலையின் பொறியியலாளர் எண்ணிப் பார்த்த யாவற்றையும் நாமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

லூமுட் வட்டாரத்தில் ஏன் கூடுதல் எச்சரிக்கை?

பேராக் மாநிலத்தில் மழைக்குப் பெயர்போன ஊர் தைப்பிங். அதனோடு ஒப்பிட்டால் சித்தியவான், லூமுட் வட்டாரத்தில் மழை குறைவுதான். ஆனால் இங்கே வேறு பகைவர் உண்டு. முதலாவது, கடற்காற்று. லூமுட் துறையிலும், பங்கோர்த் தீவுக்குச் செல்லும் படகுத்துறைப் பக்கத்திலும் நிறுத்தப்படும் வண்டியின்மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் படிகின்றது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும், ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். மாசி மகத்தன்று தீவுக்குச் செல்லும் பக்தர்களின் பொருட்டுக் கடற்கரையோரம் ஒருநாள் முழுவதும் நிற்கும் வண்டிக்குக்கூட இந்தப் பாதிப்பு உண்டு.

இரண்டாவது பகை நமது தொழிலிலேயே இருக்கின்றது. மரத்திலிருந்து எடுத்த பால் உறைந்துவிடாதிருக்க அதில் அம்மோனியா சேர்க்கப்படுகின்றது. உறையவைக்க வேண்டுமாயின் பார்மிக் அமிலம் பயன்படுகின்றது. பால் பீப்பாய்களும் கட்டிப் பால் மூட்டைகளும் ஏற்றப்படும் பின்தட்டில் அமிலநீர் சொட்டும். அம்மோனியா ஆவி சூழ்ந்திருக்கும். உர மூட்டைகளின் தூளும் அங்கே சிந்துவதுண்டு.

அம்மோனியாவின் தீங்கு எத்தகையது என்பதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில், குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. காரணம் புரியாமல் அதனைப் ‘பருவகால விரிசல்’ என்றே அழைத்தனர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், உறையைச் செய்தபொழுது உலோகத்தினுள் தங்கிய இறுக்கமும் சேர்ந்தே அதனைப் பிளந்தன என்பதை 1921ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் விளக்கினர். மின்செருகுவாயின் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் பெரும்பாலும் பித்தளையே. திருகாணியால் இறுக்கப்பட்ட பித்தளை முனை, அம்மோனியா ஆவியில் நாள்தோறும் நனைந்தால் என்னாகும் என்பதைக் கூறவேண்டியதில்லை. ஆகவே, நமக்கு வேண்டியது மழை தாங்கும் செருகுவாய் மட்டுமன்று. காற்றே உட்புகாதவாறு மூடும் செருகுவாயாகும்.

பாதுகாப்பு எண்ணைப் படிக்கும் முறை

கடையில் வாங்கும்பொழுது ‘வாட்டர்புரூஃப்’ என்ற விளம்பரச் சொல்லை நம்பி ஏமாறக்கூடாது. பொருளின்மேல் ஐ.பி. என்ற இரண்டு எழுத்துகளும் அவற்றையடுத்து இரண்டு இலக்கங்களும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இஃது அனைத்துலக அளவில் ஏற்கப்பட்ட குறியீடு. முதல் இலக்கம் தூசியைத் தடுக்கும் திறனையும், இரண்டாம் இலக்கம் நீரைத் தடுக்கும் திறனையும் காட்டும்.

ஐ.பி. 44 என்றால் எப்பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஆனால் நுண்தூசியைத் தாங்காது. ஐ.பி. 65 என்றால் தூசி அறவே புகாது. குழாயிலிருந்து பீய்ச்சும் நீரையும் தாங்கும். ஐ.பி. 66 இன்னும் வலுவான நீர்ப்பீய்ச்சலைத் தாங்கும். ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் மூழ்கியிருந்தாலும் உள்ளே நீர் புகாது. செம்மண் புழுதியும் மழையும் மாறிமாறி வரும் தோட்டப் பாதைக்கு ஐ.பி. 66 அல்லது அதற்கு மேற்பட்டதே ஏற்றது.

இங்கே பலர் அறியாத ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலான செருகுவாய்களில் இந்த எண், மூடி மூடப்பட்டிருக்கும் நிலைக்கு மட்டுமே பொருந்தும். செருகியைச் செருகி மூடி திறந்து நிற்கும்பொழுது அப்பாதுகாப்பு போய்விடுகின்றது. மழை பெய்கையில் பயன்படுத்த வேண்டுமாயின், செருகியையும் உள்ளடக்கி மூடும் ஆழமான மூடி கொண்டதை வாங்க வேண்டும். அல்லது தொழிற்சாலைகளில் வழங்கும் நீலநிற 16 ஆம்பியர் வட்டச் செருகுவாயைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் ஐ.பி. 67 வகையானது, செருகியைச் செருகி வளையத்தைத் திருகியபின் முழுமையாக அடைத்துக்கொள்கின்றது. எதுவாயினும் சிரிம் முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குவது நன்று.

முதலில் தேவையைக் கணக்கிடுக

எத்தனை வாட் வேண்டும் என்பதை அறியாமல் பொருள் வாங்குவது, வாளியின் அளவறியாமல் பால் எடுக்கச் செல்வதற்கு ஒப்பாகும். கைத்தொலைபேசிக்கு 10 முதல் 20 வாட் வரை போதும். தலைவிளக்குக்கு அதனினும் குறைவு. புல்வெட்டியின் பாட்டரியை மின்னேற்றும் கருவிக்கு அதன் வகைக்கேற்ப 100 முதல் 300 வாட் வரை தேவைப்படலாம். கைச்சாணை இயந்திரத்துக்கு 600 வாட்டுக்கு மேல் வேண்டும். நீர் கொதிக்கவைக்கும் கெட்டில் 2,000 வாட் வரை விழுங்கும். மேலும், மோட்டார் உள்ள கருவிகள் புறப்படும் கணத்தில் தமது வழக்கமான அளவைப்போல் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்கும்.

தொலைபேசியும் தலைவிளக்கும் 12 வோல்ட் தெளிப்பானும் மட்டுமே நமது தேவையெனில், 12 வோல்ட் செருகுவாயே போதுமானது. அதற்கு மின்மாற்றுக் கருவி வேண்டியதில்லை. செலவும் ஆபத்தும் குறைவு. வீட்டில் உள்ளதைப் போன்ற 230 வோல்ட் மின்சாரம் வேண்டுமெனில், இன்வெர்ட்டர் என்னும் பெட்டி தேவை. அது பாட்டரியின் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தை 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக மாற்றித் தருகின்றது. தோட்ட வேலைக்கு 300 வாட் இன்வெர்ட்டர் பெரும்பாலும் போதும். தூய சைன் அலை தருவதையே வாங்குதல் நன்று. மலிவான வகைகள் தரும் கரடுமுரடான அலையில் சில மின்னேற்றிகளும் மோட்டார்களும் சூடேறிப் பழுதடையும்.

பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று 2,000 வாட் பெட்டியை வாங்குவோர் உளர். 2,000 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 167 ஆம்பியர் ஆகின்றது. பெட்டியினுள் வீணாவதையும் சேர்த்தால் 180 ஆம்பியரைத் தாண்டும். சாதாரணப் பிக்அப் வண்டியின் ஆல்டர்னேட்டர் 100 ஆம்பியர் அளவே கொடுக்கக்கூடியது. வரவை மீறிய செலவு குடும்பத்துக்கு மட்டுமன்றி வண்டிக்கும் ஆகாது.

கம்பியின் பருமனே உயிர்நாடி

300 வாட் எடுக்கும்பொழுது, வீணாவதையும் சேர்த்து, பாட்டரியிலிருந்து ஏறத்தாழ 30 ஆம்பியர் வெளிவரும். எஞ்சின் பக்கத்துப் பாட்டரியிலிருந்து பின்னிருக்கையின் அடிப்பகுதி வரை கம்பியின் நீளம் 4 மீட்டர் என்று கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமாதலால் மொத்தம் 8 மீட்டர்.

இதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை இட்டால், வழியிலேயே ஏறத்தாழ 1.7 வோல்ட் இழக்கப்படும். 50 வாட் அளவான மின்சாரம் கம்பியைச் சூடேற்றுவதில் வீணாகும். ஒரு கட்டாக மூடிக் கிடக்கும் கம்பியில் இந்த வெப்பம் உறையை உருக்கவல்லது. 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.7 வோல்ட்டாகக் குறையும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 0.3 வோல்ட்டுக்கும் குறைவே. எனவே 16 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை, அதுவும் ஈயம் பூசிய இழைகளால் ஆனதை இடுவதே அறிவுடைமை. அம்மோனியாவும் உப்பும் உள்ள இடத்தில் வெறுஞ்செம்பு விரைவில் கறுத்துப் பச்சை பூக்கும். ஈயம் பூசியது நெடுநாள் நிற்கும்.

12 வோல்ட் நம்மை அதிர வைக்காது என்பதால் அதனை அற்பமாக எண்ணுவோர் பலர். வண்டியின் பாட்டரி ஒரு கணத்தில் பல நூறு ஆம்பியர் மின்சாரத்தைக் கக்கவல்லது. உறை தேய்ந்த கம்பி வண்டியின் உடலைத் தொட்டால், அக்கம்பி பழுக்கக் காய்ச்சிய இரும்பாகிவிடும். இதனைத் தடுக்கும் ஒரே காவலன் பியூஸ். அந்தப் பியூஸ் பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் இருத்தல் வேண்டும். கம்பியின் மறுமுனையில் பியூஸை வைத்தால், இடையிலுள்ள நீண்ட கம்பிக்குக் காவல் இல்லாமற் போகும். மேற்சொன்ன 16 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 40 ஆம்பியர் பியூஸ் பொருந்தும். எரிந்த பியூஸுக்குப் பதிலாகக் கம்பித்துண்டை முறுக்கி வைப்பது, வீட்டுக்குத் தானே தீ வைப்பதற்குச் சமம்.

பொருத்தும் முறை

முதற்படி: பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும், வேலை முடிந்தபின் அதனைக் கடைசியாக மாட்ட வேண்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் எதிர்முனையில் உணர்கருவி ஒன்று இருக்கும். அதனைத் தாண்டியே இணைப்பு அமைய வேண்டும். இதனை வண்டிப் பட்டறையில் கேட்டறிதல் நலம். தொழிற்சாலை இட்ட பழைய கம்பிகளை வெட்டி அவற்றிலிருந்து மின்சாரம் எடுத்தல் கூடாது.

இரண்டாம் படி: இன்வெர்ட்டருக்கு மழை தாங்கும் ஆற்றல் பெரும்பாலும் கிடையாது. ஆகையால் அதனைப் பின்தட்டில் வைக்காமல், பின்னிருக்கையின் அடியிலோ பின்புறத்திலோ, காற்றோட்டம் உள்ளவாறு இறுகப் பொருத்த வேண்டும். எஞ்சின் மூடிக்குள் வைக்கலாகாது. அங்குள்ள வெப்பம் அதனைக் கெடுத்துவிடும். சாவி திறந்திருக்கும்பொழுது மட்டும் இயங்குமாறு ரிலே ஒன்றையும், ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சுவிட்சையும் அமைத்தல் நன்று.

மூன்றாம் படி: இன்வெர்ட்டரிலிருந்து பின்தட்டுக்கு மின்சாரம் 230 வோல்ட்டாகச் செல்கின்றது. 300 வாட்டுக்கு இங்கே 1.3 ஆம்பியர் மட்டுமே ஓடும் என்பதால் 1.5 சதுர மில்லிமீட்டர் மூவிழைக் கம்பி தாராளமாகப் போதும். ஆனால் அது ரப்பர் உறையிட்ட வளையும் வகையாக இருக்க வேண்டும். வீட்டுச் சுவரில் பதிக்கும் விறைப்பான கம்பி வண்டியின் அதிர்வில் முறிந்துவிடும். கம்பி முழுவதையும் நெளிகுழாயினுள் செலுத்தி, புகைக்குழாய், எண்ணெய்த் தொட்டி, பிரேக் குழாய்கள் ஆகியவற்றிலிருந்து விலக்கிக் கட்ட வேண்டும்.

நான்காம் படி: செருகுவாய்க்குரிய இடம் பின்தட்டின் பக்கச் சுவரில், ஓட்டுநர் அறைக்கு அருகே, கூடிய வரை உயரத்தில் இருக்க வேண்டும். தரையோரம் வைத்தால் பாலின் அமிலநீரும் மழைநீரும் அங்கேதான் தேங்கும். துளையிடுமுன் மறுபக்கத்தில் என்ன இருக்கின்றது என்பதை இருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். துளையிட்டபின் வெட்டுவாயை அரத்தால் மழித்து, துருத்தடுப்புச் சாயம் பூசிக் காயவிட வேண்டும். கம்பி நுழையும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். நாம் வெட்டும் பாலிலிருந்து பிறக்கும் இயற்கை ரப்பர் இழுவையில் நிகரற்றது. ஆயினும் வெயிலிலும் ஓசோனிலும் நாளடைவில் வெடிக்கும் தன்மையுடையது. எனவே வெளிப்புற வளையங்களுக்கு இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் நீண்டநாள் உழைக்கும்.

ஐந்தாம் படி: கம்பி செருகுவாயினுள் மேலிருந்து இறங்கி நேராக நுழைதல் கூடாது. அஃது ஒருமுறை கீழே தொங்கி வளைந்து, பின்னர் மேலேறி நுழைய வேண்டும். அப்பொழுது கம்பிவழி வழியும் நீர், வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். மூடியின் கீல் மேற்புறமாக அமைந்தால், அதனைத் திறந்துவைக்க மறந்தாலும் தானே விழுந்து மூடிக்கொள்ளும்.

உயிர்காக்கும் துண்டிப்பான்

இ.எல்.சி.பி. என்று நாம் வீடுகளில் அறிந்துள்ள மின்கசிவுத் துண்டிப்பானை இங்கும் வைக்க வேண்டும். செருகுவாய்களுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவினது வழக்கம். ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் அளவினது இன்னும் நல்லது. ஆயினும் இதில் ஒரு மறைபொருள் இருக்கின்றது. அதனை அறியாதவர் பாதுகாப்பு இருப்பதாக எண்ணிப் பாதுகாப்பின்றி இருப்பர்.

வீட்டு மின்சாரத்தின் ஒரு முனை தரையோடு இணைக்கப்பட்டுள்ளது. அதனாலேயே கசியும் மின்சாரம் தரைவழி திரும்புகின்றது. துண்டிப்பானும் அதனை உணர்ந்து துண்டிக்கின்றது. வண்டியோ ரப்பர்ச் சக்கரங்களின்மேல் தரையைத் தொடாமல் நிற்கின்றது. சிறிய இன்வெர்ட்டர்கள் பலவற்றில் இரு முனைகளும் எதனோடும் இணைக்கப்படாமல் விடப்பட்டிருக்கும். அந்நிலையில் முதற்பழுது ஏற்படும்பொழுது துண்டிப்பான் செயற்படாது. பழுது மறைந்தே கிடக்கும். இரண்டாவது பழுது நேரும்பொழுதுதான் ஆபத்து வெளிப்படும். மேலும், துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அஃது இந்நிலையிலும் ‘டக்’ என்று விழும். ஆகவே பொத்தான் வேலை செய்வதை மட்டும் கொண்டு பாதுகாப்பு உண்டென்று முடிவு செய்துவிடலாகாது.

இதற்குத் தீர்வு, இன்வெர்ட்டரின் ஒரு முனையை வண்டியின் உடலோடு முறைப்படி இணைத்தலாகும். ஆனால் எல்லா இன்வெர்ட்டர்களும் அதற்கு இடந்தருவதில்லை. இடந்தராத பெட்டியில் அவ்வாறு செய்தால் பெட்டி எரிந்துபோகும். எனவே வாங்கும்பொழுதே, தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் இதற்கு அனுமதி உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். 230 வோல்ட் பக்கத்து வேலை முழுவதையும், தகுதிச் சான்று பெற்ற மின்பணியாளரிடம் ஒப்படைப்பதே முறை. 12 வோல்ட் பக்கத்தில் நாம் கைவைக்கலாம். 230 வோல்ட் பக்கத்தில் சிக்கனம் பார்த்தல் கூடாது. கைப்பழக்கம் மட்டும் கல்வியாகிவிடாது.

பயன்படுத்துகையில்

எஞ்சினை நிறுத்திவிட்டு 300 வாட் எடுத்தால், 70 ஆம்பியர்-மணிப் பாட்டரியின் பாதி வலிமை ஒரு மணி நேரத்தளவிலேயே தீர்ந்துவிடும். பல இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட் வரை இறங்கிய பின்னரே தாமாக நிற்கின்றன. அதற்குள் வண்டியைக் கிளப்பும் வலிமை பாட்டரிக்கு இராது. காட்டோரத்தில் வண்டி நின்றுவிட்டால் அன்றைய பாலும் கெடும், கூலியும் போகும். ஆகவே பெரும் சுமைக்கு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் மூடிய கொட்டகையினுள் எஞ்சினை ஓடவிடலாகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு. உறங்குவதுபோலவே உயிரை வாங்கிவிடும்.

வெறுங்காலுடனோ ஈரக் கையுடனோ செருகியைத் தொடலாகாது. இடிமழையில் வேலையை நிறுத்துவதே நன்று. திங்களுக்கு ஒருமுறை மூடியின் விளிம்பு ரப்பரைத் துடைத்து, உள்ளே பச்சை பூத்திருக்கின்றதா, திருகாணிகள் தளர்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். கடற்கரைக்குச் சென்று வந்தால், மூடியை மூடியபடியே நன்னீரால் மெல்லக் கழுவ வேண்டும். அதிவேக நீர்ப்பீய்ச்சியை அதன்மேல் நேராகக் காட்டக்கூடாது.

வண்டியின் அமைப்பில் மாற்றம் செய்யுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளையும், காப்புறுதி நிறுவனத்தின் நிபந்தனைகளையும் கேட்டறிந்துகொள்ளுதல் அவசியம். விபத்து நேர்ந்தபின் கேட்பதால் பயனில்லை.

நிறைவாக

அன்பார்ந்த தோட்டத் தோழர்களே! மரத்தின் பட்டையை எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பதை நாம் நன்கு அறிவோம். கத்தி சற்றே ஆழ்ந்தால் மரத்துக்குக் காயம். மேலோட்டமாகச் சென்றால் பால் இல்லை. அந்த அளவறிந்த கையே நமது தொழிலின் பெருமை. மின்சாரத்துக்கும் அதே அளவறிந்த கை வேண்டும். தேவையைக் கணக்கிட்டு, தகுந்த கம்பியையும் பியூஸையும் இட்டு, மூடியுள்ள நல்ல செருகுவாயைப் பொருத்தி, தெரியாததைத் தெரிந்தவரிடம் விட்டுவிட்டால், நமது வண்டியின் பின்தட்டு விடியற்காலை இருளிலும் நமக்கு வேண்டிய ஒளியைத் தரும். அந்த ஒளியில் வேலைக்குச் செல்பவர், மாலையில் நலமாக வீடு திரும்ப வேண்டும் என்பதே நமது நோக்கமாகும்.